உரிய வழியாக ஒரு விண்ணப்பம்

ஓர் அலுவலகத்துக்கு மனு வந்தால், மூன்று நாட்களுக்குள் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதிவிட வேண்டும். முப்பது நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு சொல்ல முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றங்களில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து, கடைசியில் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். சிரஸ்தார் என்றால் நீதிபதிக்கு அடுத்தபடி அந்தக் கட்டடத்தில் நுழையும் காகிதம் அத்தனைக்கும் பொறுப்பாளி. மேலே சொன்ன விதியை எத்தனை எழுத்தர்களிடம் ஒப்பித்திருப்பேன் என்று கணக்கில்லை. அவர்களில் ஒருவர்கூட அதன்படி நடந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும், என் சொந்த விண்ணப்பம் ஒன்று வெளியே போனபோது, அந்த விதி அதைக் காப்பாற்றும் என்று நம்பினேன்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் முளைத்த பிறகு அங்கே குடிவந்த என் உறவினர் வீடுகளில், வீட்டுக்கு ஒரு பிள்ளை சட்டம் படிக்கிறது. படித்து முடித்ததும் சென்னையில் பெரிய சட்ட நிறுவனம் எதிலாவது பயிற்சிக்குச் சேர வேண்டும், விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று கேட்டு என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். "அவருக்குத் தெரியாத நடைமுறை கிடையாது" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். வியாதியே அதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் சட்டம் படித்தது, சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் வேலை பார்த்த காலத்தில், மாலைக் கல்லூரியில். மேலதிகாரியிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கிப் படித்தேன். அரசு ஊழியன் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள முடியாது; ஆகவே பட்டம் பீரோவில் இருந்தது. நான் நீதிமன்றத்தில் இருந்தேன். மேடைக்குக் கீழே உட்கார்ந்து, வக்கீல்கள் தப்புத் தப்பாகச் சொல்லும் சட்டப்பிரிவு எண்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சரியான எண் என் தொண்டை வரை வந்து நிற்கும். சிரஸ்தார் வாயைத் திறக்கக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகு கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, அதே நீதிமன்றத்தில் எழுந்து நின்று, ஒரு தடவையாவது சரியான எண்ணை உரக்கச் சொல்லிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இருந்ததாக ஞாபகமில்லை.

1996 ஜூனில் ஓய்வு பெற்றேன். அந்தச் சமயம் பார்த்து, சட்டப் பட்டதாரி எவரும் நேரடியாக வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள முடியாது, அனுபவமுள்ள வக்கீல் ஒருவரிடம் ஒரு வருஷம் பயிற்சி பெற்ற பிறகுதான் என்று புது விதி வந்திருந்தது. பின்னாளில் அந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. எனக்கு இருந்தது. பயிற்சி பெறுபவர் இரண்டு நாட்குறிப்புகள் வைத்திருக்க வேண்டும். அலுவலக வேலைக்கு ஒன்று, நீதிமன்றத்தில் இருந்த நாட்களுக்கு ஒன்று. இரண்டும் நிரம்பியிருந்தால்தான் அந்த வருஷம் கணக்கில் வரும்.

செங்கல்பட்டில், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் அலுவலகம் வைத்திருந்த ஒரு வக்கீலிடம் ஆவணி மாதம் சேர்ந்தேன். இருபது வருஷ அனுபவம் உள்ளவர். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். சேரும்போது கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, இதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்: வாரத்துக்கு எத்தனை நாள் என்னைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவீர்கள்? நான் கேட்கவில்லை. சீனியரிடம் கேள்வி கேட்பது ஒழுங்கீனம் என்று ஊறிப் போயிருந்தது. அவர் என்னை "சிரஸ்தார் சார்" என்பார். நான் அவரை "சார்" என்பேன். முதல் நாள் யார் முதலில் உட்காருவது என்று இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டே இருந்தோம்.

இரண்டாவது வாரம் அவர் சொன்னார்: "சார், மாமல்லபுரத்துல நமக்கு ஒரு ரூம் இருக்கு. கடலோர நிலமெல்லாம் இப்ப கைமாறிக்கிட்டு இருக்கு. நீங்க அங்க உக்காந்தா எனக்குக் கவலையே இல்ல."

உட்கார்ந்தேன். காலை ஏழே முக்கால் பஸ், திருக்கழுக்குன்றம் வழியாக. அறை ஒரு சிற்பக் கூடத்தின் மாடியில் இருந்தது. கீழே உளிச் சத்தம் எட்டு மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டு வேளையில் மட்டும் நிற்கும். கல் தூசி வரக் கூடாதென்று ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். தூசி கதவு வழியாக வந்தது. ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது காற்று மட்டும்தான் போலிருக்கிறது, அது நின்றுபோயிற்று. மத்தியானத்துக்குள் தட்டச்சு இயந்திரத்தின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். துடைத்துவிட்டு கிரயப் பத்திரம் அடிப்பேன், வில்லங்கச் சான்று பார்ப்பேன், மூலப் பத்திரங்களை அடுக்கி நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று குறிப்பு எழுதுவேன். அடித்த காகிதங்களை இடது பக்கத் தட்டில் வைப்பேன். சீனியர் வெள்ளிக்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட்டு வலது பக்கத் தட்டில் வைப்பார். அவற்றை உறையில் இட்டுத் தபாலில் சேர்ப்பதும் நான்தான். அந்த அலுவலகத்தில் வேறு ஆள் இல்லை.

சாயங்காலம் கிளம்புமுன் இரண்டு நாட்குறிப்புகளையும் எழுதுவேன். முதலாவது நிரம்பி வழிந்தது. இரண்டாவதில், அரசு வழக்கப்படி, 'இன்மை' என்று எழுதினேன். புரட்டாசி முழுக்க இன்மை. ஐப்பசி முழுக்க இன்மை. தீபாவளிக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சார், என்னைக் கொஞ்சம் கோர்ட் பக்கமும்..." என்று இழுத்தேன்.

"முப்பத்து நாலு வருஷம் கோர்ட்டையே பாத்துட்டீங்க. இன்னும் அங்க என்ன சார் பாக்கணும்? இந்தப் புதுப்பட்டினம் டாக்குமென்ட்ட முடிச்சுடுங்க" என்றார் பிரியமாக.

அவர் பிரியமாகத்தான் பேசுவார். அதுதான் பயமாக இருந்தது.

1997 பொங்கல் முடிந்து, பாரிமுனைப் பக்கம் இருந்த ஒரு பழைய சொலிசிட்டர் நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் வந்தார். அவர்களுடைய கட்சிக்காரர் புதுப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம் விடுதி கட்ட நிலம் வாங்கப் பார்த்தார். உள்ளூரில் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை எங்கள் சீனியருக்கு வந்திருந்தது. விற்பவர் காட்டிய வரைபடத்தில் இல்லாத ஒரு வாய்க்கால், பழைய நில அளவைப் பதிவேட்டில் அந்த நிலத்தின் நடுவே குறுக்காகப் போனது. வாய்க்கால் அரசுப் புறம்போக்கு. என் குறிப்பின் முதல் வரியிலேயே அதைச் சொல்லியிருந்தேன்.

சீனியர் கட்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு நிலம் காட்டப் போயிருந்தார். பங்குதாரர் மட்டும் மாடியேறி வந்தார். ஒல்லியான மனிதர், காலணியெல்லாம் மணல்.

"இத எழுதினது நீங்களா?"

"ஆமாம்."

"எங்க ஆபீஸ்ல யாராவது எழுதியிருந்தா வாய்க்கால் ஏழாம் பக்கத்துலதான் வந்திருக்கும். இங்க என்னவா இருக்கீங்க?"

"பயிற்சி."

அவர் என் தலையைப் பார்த்தார். நரைத்த தலைக்கு நான் விளக்கம் சொல்லாமல், இரண்டு நாட்குறிப்புகளையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவதை நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

"இப்படியே போனா உங்க வருஷம் செல்லாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"எங்ககிட்ட ஒரு டிரெய்னி இடம் காலியா இருக்கு. வாரத்துல நாலு நாள் கோர்ட்டு. வயசப் பத்தி எனக்குக் கவலையில்ல. ஒரு பேப்பர் எழுதி அனுப்புங்க, போதும். எனக்கு நேரா அனுப்புங்க."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்று இப்போது எழுதும்போது புரிகிறது. சட்ட நிறுவனங்கள் ஒரு பக்கம்தான் படிக்கும். அந்த ஒரு பக்கத்தில், நீங்கள் யார், எந்த வேலையில் ஏற்கெனவே கை பழகியவர், ஏன் அந்த நிறுவனம் என்ற மூன்றும் இருந்தால் போதும். பிறந்த தேதி சான்றிதழ் அவர்களுக்கு வேண்டாம். நீங்கள் பிறந்திருக்கிறீர்கள் என்பதை நம்பிக்கொள்வார்கள்.

நான் ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்தேன். நீளத் தாளில், கால் பங்கு ஓரம் விட்டு, பொருள், பார்வை எல்லாம் போட்டு. பார்வை என்ற இடத்தில், முந்தைய கடிதம் எதுவும் இல்லாததால், 'தாங்கள் மாமல்லபுரம் வருகையின்போது வாய்மொழியாகத் தெரிவித்தது' என்று எழுதினேன். இணைப்புகள் இருபத்தைந்து. பள்ளி இறுதிச் சான்றிலிருந்து ஓய்வு ஆணை வரை, ஒவ்வொன்றிலும் சான்றொப்பம். மூலையில் துளையிட்டுப் பச்சைக் கயிறு கோத்தேன்.

என் மனைவி அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். அவள் திருக்கழுக்குன்றத்துக்காரி. சுற்றி வளைக்காமல் பேசுவாள்.

"அந்த மனுஷன் ஒரு பேப்பருன்னுதான சொன்னாரு?"

"இது ஒரே மனுதான். மத்ததெல்லாம் இணைப்பு."

"கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்டு எங்கப்பாருக்கு நீங்க எழுதனதும் இப்படித்தான். அவுரு வெத்தல பொட்டிக்கு அடியில வச்சிருந்தாரு, ஆடாம இருக்கட்டும்னு."

இதுவரை செய்தது வெறும் அசட்டுத்தனம். உண்மையான தவறை அடுத்த நாள் செய்தேன். அரசாங்கத்தில் இருப்பவன் வேறு இடத்துக்கு விண்ணப்பித்தால் தன் மேலதிகாரி மூலமாகத்தான் அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தின் தலையில் 'உரிய வழியாக' என்று எழுதி அவரிடம் வைப்போம். அவர் 'பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது' என்று கையெழுத்திட்டு அனுப்புவார். பயிற்சி பெறுபவன் வக்கீலின் ஊழியன் அல்ல. எந்த விதியும் இதைக் கேட்கவில்லை. பங்குதாரர், நேராக அனுப்பு என்று வாயால் சொன்னார். நான் 'உரிய வழியாக' என்று எழுதி, பரிந்துரை வரியையும் நானே தட்டச்சு செய்து, உறையில் இட்டு ஒட்டி, மேலே 'நேரில் பிரிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி, சீனியர் மேஜையில் வைத்தேன். வேறு ஆளே இல்லாத அலுவலகத்தில் யார் கண்ணில் படாமல் இருக்க அந்த எச்சரிக்கை என்று கேட்காதீர்கள்.

நிறுவனத்துக்கு ஒரு அட்வான்ஸ் காப்பியும் அனுப்பினேன். அதுவும் முறைதான். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'அசல் உரிய வழியாகப் பின்தொடரும்.'

அது பிப்ரவரி முதல் வாரம். அந்த வெள்ளிக்கிழமை சீனியர் வந்தார், உறையைப் பார்த்தார், "என்ன சார், ரகசியமா?" என்று சிரித்தார். நான் கண்ணியமாக வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது உறை மேஜையில் இல்லை. வலது தட்டிலும் இல்லை. அவருடைய இழுப்பறைக்குள் போயிருந்தது.

அங்கிருந்து அது எப்போது கிளம்பும் என்று நான் கேட்கவில்லை. தன் சம்பந்தப்பட்ட கோப்பைப் பற்றி ஒருவன் தானே விசாரிப்பதும், அதைத் தொடுவதும் தவறு. அதற்காக ஒரு நகல் எழுத்தரின் சம்பள உயர்வையே நான் ஒரு தடவை நிறுத்த வைத்திருக்கிறேன். எழுத்து மூலம் நினைவூட்டலாம். மார்ச்சில் முதல் நினைவூட்டு வைத்தேன், உறையில், சிவப்பு மையோடு. ஏப்ரலில் இரண்டாவது. இரண்டையும் அவர் பிரித்தார், இழுப்பறையில் வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாததற்கு நான் அர்த்தம் கண்டுபிடிக்கத் தொடங்கினேன். இலவசமாக ஒரு சிரஸ்தார் கிடைத்திருக்கிறான், எதற்கு விடுவார்? பங்குனி வெயிலில் ஒரு நாள் புது மேஜை மின்விசிறி வாங்கி வந்து என் பக்கம் திருப்பி வைத்தார். லஞ்சம் என்று நினைத்தேன். இன்னொரு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "சார், என் முதல் பிராதை நீங்க ஒம்பது தடவ திருப்பிக் குடுத்தீங்க, ஞாபகமிருக்கா? ஒம்பதாவது தடவ, கோர்ட் பேருக்குக் கீழ கோடு போடலன்னு" என்றார்.

"ஞாபகமிருக்கு" என்றேன்.

"நான் வெளியில போய் அழுதேன் சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

பழிவாங்குகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, கோடு போடாததற்காக ஒரு பிராதைத் திருப்பியது சரிதானா என்று யோசித்தேன். சரி என்றுதான் அப்போதும் பட்டது.

நிறுவனத்திலிருந்தும் ஒரு வரி வரவில்லை. மூன்று நாள் போயிற்று, முப்பது நாள் போயிற்று, அதைப் போல இன்னொரு மடங்கும் போயிற்று. பதில் வர வேண்டிய முகவரியாக நான் கொடுத்திருந்தது அந்த மாடி அறை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தட்டச்சு விரல்கள் நின்றுவிடும். எங்கள் அலுவலகத்துக்கு நாள்தோறும் வரும் ஒரு நிலத் தரகர் இருந்தார், உள்ளூர்க்காரர். பத்திரம் தயாராகும் வரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

"இன்னா சார், மூஞ்சி சுண்டிப்போய்கீது?"

சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"எதுருலயே போன் பூத்து கீது. ஒரு போன் போட்டுக் கேளேன்."

"பரிசீலனையில இருக்கும்போது நாமா அணுகக் கூடாது."

"பரிசீலன பண்றாங்கன்னு உனுக்கு யார் சொன்னா?"

"பண்ணித்தான் ஆகணும்."

"அப்ப குந்திகினே இரு. கீழ நம்ம ஸ்தபதிகிட்ட சொன்னா உன்னையும் ஒரு செல செஞ்சு வச்சிடுவாரு. வெள்ளக்காரன் வாங்கினு பூடுவான்."

மே மாதம் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. மாமல்லபுரம் அறைக்கு விடுமுறை இல்லை. அக்னி நட்சத்திரத்தில் அந்த மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் நிலைமையை எண்ணிட்ட பத்திகளாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன், எழுதினால் தெளியும் என்று. இங்கிருந்து வருஷம் முடியுமுன் விலகினால் இதுவரை செய்த மாதங்கள் செல்லாது. வருஷம் முடியும் வரை இருந்தால், கோர்ட் நாட்குறிப்பு வெறுமையாக இருப்பதால் அந்த வருஷமும் செல்லாது. சென்னைக்குப் போகலாம் என்றால் அசல் போய்ச் சேரவில்லை. இன்னொரு அசல் எழுதி நேராக அனுப்பலாம் என்றால், ஒரே பொருளில் இரண்டு மனு கூடாது. முதல் மனுவைத் திரும்பப் பெறலாம் என்றால், அதற்கும் உரிய வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நான்கு பக்கமும் சுவர் எழும்பியிருந்தது. நான்கையும் கட்டிய கொத்தனார் யார் என்று மட்டும் அந்தத் தாளில் எழுதவில்லை. மூன்றாவது நினைவூட்டை அடித்து உறையில் போட்டேன்.

"இன்னாங்க, அந்த வக்கீலுகிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா இன்னா?" என்றாள் மனைவி, சாப்பாடு போடும்போது.

"எழுதிக் குடுத்திருக்கேன்."

"எதுருக்க எதுரு குந்தினு இருக்கறவருக்கு எழுதிக் குடுத்துகீறாரு" என்று ரசத்திடம் சொன்னாள்.

ஜூன் பாதியில், ஒரு செவ்வாய்க்கிழமை, சீனியர் சென்னையிலிருந்து எதிர் பூத்துக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டார். தன் இழுப்பறையில் ஒரு மூலப் பத்திரம் இருக்கிறது, அதை எடுத்துத் தரகரிடம் கொடுக்க வேண்டும் என்றார். பூட்டவில்லை, திறந்து எடுங்கள் என்றார். ஆணை வாய்மொழியாக இருந்தாலும் ஆணைதான். திறந்தேன்.

கல்யாணப் பத்திரிகைக் குவியலுக்கு அடியில் மூலப் பத்திரம். அதற்கும் அடியில் என் நான்கு உறைகள், நான்கும் பிரிக்கப்பட்டு. முதல் உறையில் பச்சைக் கயிறு கோத்த விண்ணப்பம். 'பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது' என்ற வரிக்குக் கீழே சீனியரின் கையெழுத்து இருந்தது. மூன்று நினைவூட்டுகளையும் பிரித்தேன். மூன்றிலும் அதே கையெழுத்து. 'தாங்கள் இதுவரை நடவடிக்கை எடுக்காதது வருத்தத்திற்குரியது' என்று நான் அவரைக் கண்டித்திருந்த வரிக்கு நேர் கீழே, மை பளபளக்க, அவரே கையெழுத்திட்டிருந்தார்.

தரகர் மூலப் பத்திரத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். "இன்னா சார், பாம்பா?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சீனியர் வந்ததும் நான்கையும் அவர் முன்னால் வைத்தேன். முதல் முறையாக, உறை இல்லாமல்.

"இதுல எப்ப சார் கையெழுத்துப் போட்டீங்க?"

புரட்டிப் பார்த்தார். உண்மையிலேயே முதல் தடவையாக அப்போதுதான் படித்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நீங்க குடுத்த அன்னிக்கே போட்டிருப்பேன். நீங்க வெச்ச பேப்பர்ல நான் எதை சார் படிச்சிருக்கேன்? சிரஸ்தார் சார் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு போடறேன்."

"அப்புறம் ஏன் இழுப்பறையில வெச்சீங்க?"

"நேரில் பிரிக்கவும்னு செவப்பா எழுதியிருந்தா தட்டுலயா போடுவேன்? ரகசியம்னா உள்ள வெக்கணும். நீங்கதான் எடுத்து அனுப்புவீங்கன்னு நெனச்சேன். தபால் நீங்கதான பாக்கறீங்க?"

"என் சொந்தக் காகிதத்த நானே எப்படித் தொட முடியும்?"

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கீழே யாரோ கல்லை அறுக்கத் தொடங்கினார்கள். அது நின்றதும் நான்கு காகிதங்களையும் அடுக்கி என் பக்கம் தள்ளினார்.

"அப்ப, போறீங்களா சார்?" என்றார். குரலில் கோபம் இல்லை. "என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா செங்கல்பட்டுலயே வெச்சுக்கிட்டிருப்பேனே. தினம் கோர்ட்டுக்குப் போறது உங்களுக்கு அலுத்துப் போயிருக்கும்னுதான் இங்க அனுப்பினேன். காத்தாட இருக்கட்டும்னு."

மூடிய ஜன்னலை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை. தேதியில்லாத கையெழுத்து அரைக் கையெழுத்து. போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

"பிப்ரவரின்னே போட்டுடறேன் சார். உங்களுக்கும் நல்லது."

"கூடாது. இன்னிக்குத் தேதி."

"உங்கள யாராலயும் காப்பாத்த முடியாது" என்று சொல்லிக்கொண்டே அன்றைய தேதியைப் போட்டார். நானே எடுத்துக்கொண்டு போய், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சேர்த்தேன். மறுவாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டாவது நாட்குறிப்பில் முதல் வரி விழுந்தது. வருஷம் முடிய எட்டு வாரம்தான் பாக்கி. அது போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் கூப்பிட்டார், நானும் போனேன்.

விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளுக்கு, கேட்காமலே ஒன்று சொல்லிவிடுகிறேன். பதில் வராவிட்டால் பத்தாவது நாள் தொலைபேசியில் கூப்பிடுங்கள். எடுப்பவர் பெயரைக் கேளுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் பஸ் ஏறிப் போய் வரவேற்பறையில் உட்காருங்கள். மரியாதைக் குறைவு என்று தோன்றும். எந்த நிறுவனமும் அதற்காக யாரையும் தள்ளியதாக நான் கேள்விப்பட்டதில்லை. யாரும் கேட்காத அனுமதியை நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் அதன் பிறகு அது தேவைப்படத் தொடங்கிவிடும்.

ஜூலையில் மாமல்லபுரத்தில் இருக்க வேண்டிய ஒரு நாள், தபால்காரர் உறையைக் கீழே சிற்பக் கூடத்தில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தரகர்தான் மேலே கொண்டுவந்தார். தட்டினால் வெள்ளைப் பொடி பறந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து, நான் பிரிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

ஒரே பக்கம். ஆங்கிலத்தில், ஏழு வரி. அட்வான்ஸ் காப்பி பிப்ரவரியிலேயே கிடைத்துவிட்டது. அசல் பின்தொடரும் என்று நானே எழுதியிருந்ததால் அதற்காகக் காத்திருந்தார்கள். வராததால், சீனியர் என்னை விட மனமில்லாமல் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். கடற்கரைப் பக்கம் தங்கள் வேலையைப் பார்ப்பவர் அவர், அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று கேட்காமல் இருந்துவிட்டார்கள். மே கடைசி வரை இடத்தைக் காலியாக வைத்திருந்து, ஜூன் இரண்டாம் தேதி வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த இடம் ஜனவரியில். அது எனக்கு. பயிற்சிக் காலம் சேரும் நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். முந்தைய மாதங்களைக் கணக்கில் எடுக்க இயலாது. மேற்கொண்டு காகிதம் எதுவும் அனுப்பத் தேவையில்லை. கடைசி வாக்கியத்தின் அடியில் பங்குதாரர் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"இன்னா சார் போட்டுகீது?"

"ஜனவரியில வரச் சொல்லியிருக்காங்க."

"அதுவரிக்கும்?"

"இங்கதான்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப நம்ம பத்திரத்த முடிச்சிடு" என்றார். கடிதத்தின் மேல் மூலையில், பெறப்பட்டது என்று எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டேன்: 1997 ஜூலை 17, வியாழக்கிழமை.